மாமியார் தூங்கட்டும் என்று ஜெபிக்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு நாற்பது வயது. கணவருக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகிறது, என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. மாமியார் படுக்கையில் விழுந்து ஆறு மாதம். பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரி முழித்துக்கொண்டு நாலைந்து தடவை கூப்பிடுவார். நான் முழங்கால் போட்டால் வாயில் வருவதெல்லாம் "ஆண்டவரே, அத்தை இன்றைக்காவது தூங்கட்டும், நானும் தூங்கணும்" என்பதுதான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கட்டில் ஓரத்தில் தலையை வைத்து நானே தூங்கிவிடுகிறேன். முழித்திருந்தால் மனதுக்குள் கடன் தவணைக் கணக்கு ஓடுகிறது. ஜெபக்கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு மூத்த சகோதரி, எப்போதும் உலகத் தேவைகளையே கேட்டுக்கொண்டிருந்தால் ஆவிக்குரிய வளர்ச்சி எப்படி வரும் என்றார். இன்னொருவர், விசுவாசத்தோடு கேட்டிருந்தால் இதற்குள் வேலை கிடைத்திருக்கும் என்கிறார். இரண்டும் குத்துகிறது. இப்போதெல்லாம் கணவர் முகத்தைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது, அதை ஜெபத்தில் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. நான் கேட்பது சுயநலமா? தப்பாக ஜெபிக்கிறேனா?

பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த வரி "அத்தை இன்றைக்காவது தூங்கட்டும், நானும் தூங்கணும்" என்பதுதான். ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல அதை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நல்ல ஜெபமாகத்தான் பட்டது. யாருக்கு வேண்டும், என்ன வேண்டும், எப்போது வேண்டும், மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிட்டது. கால்மணி நேரம் ஓடும் பல ஜெபங்களில் இந்த மூன்றில் ஒன்றுகூட இருக்காது. அப்படிப்பட்ட ஜெபங்களை நிறையப் பண்ணியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

மருத்துவமனையில் நோயாளிகளைச் சந்திக்கும் போதகராக நான் சேர்ந்த புதிது. ஒரு பெரியவரின் கட்டில் பக்கத்தில் நின்று ஜெபிக்கத் தொடங்கினேன். ஆதியாகமத்தில் ஆரம்பித்து வெளிப்படுத்தின விசேஷம் வரை ஒரு சுற்றுச் சுற்றி, சிருஷ்டிகரே, சர்வ வல்லவரே என்று கூப்பிட்டு, உலக சமாதானத்தையும் விட்டுவைக்காமல், ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் அவர் முகமெல்லாம் வியர்த்துச் சுருங்கியிருந்தது. ஆண்டவருடைய பிரசன்னத்தில் உருகிவிட்டார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக, "ஐயா, ரொம்ப நேரமா ஒண்ணுக்கு முட்டுது. நர்ஸைக் கொஞ்சம் கூப்பிடுறீங்களா? ஜெபத்துக்கு நடுவுல சொன்னா தப்பாயிடுமேன்னு அடக்கிட்டு இருந்தேன்" என்றார்.

அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அப்புறம் எந்தக் கட்டிலுக்குப் போனாலும் முதலில் "இப்போ உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. எரிகோ வழியோரத்தில் பிச்சை கேட்டுக்கொண்டிருந்த பர்திமேயு கத்திக் கூப்பிட்டபோது, இயேசு அவனிடம் கேட்டதே அதுதான்: "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்?" கண் தெரியாதவன், தட்டித் தடவி வந்து நிற்கிறான், அவனுக்கு என்ன வேண்டும் என்பது அங்கே நின்ற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஆனாலும் அவன் வாயால் சொல்ல வைத்தார். அவனும் சுற்றி வளைக்கவில்லை, பார்வை வேண்டும் என்று நேராகச் சொன்னான்.

நம் மொழியிலேயே ஒரு அழகு இருக்கிறது, கவனித்தீர்களா? தேவையையும் ஜெபத்தையும் தமிழ் ஒரே சொல்லில்தான் வைத்திருக்கிறது. 'வேண்டும்' என்றால் தேவை. 'வேண்டுதல்' என்றால் ஜெபம். தேவையைக் கழித்துவிட்டு வேண்டுதலை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு போக வழியே இல்லை.

இப்போது அந்த மூத்த சகோதரி சொன்னதற்கு வருவோம். பரமண்டல ஜெபத்தை ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதலில் பிதாவின் நாமம், அவருடைய ராஜ்யம், அவருடைய சித்தம். சரி. அது முடிந்து 'எங்களுக்கு' என்று நம் பக்கம் திரும்பியதும் வருகிற முதல் விஷயம் என்ன? பாவ மன்னிப்பா? சோதனையிலிருந்து விடுதலையா? இல்லை, ஆகாரம். மன்னிப்பு அதற்கு அடுத்த வரியில்தான் வருகிறது. சீஷர்களுக்குக் கற்றுக்கொடுத்தபோது இயேசு வைத்த வரிசை இது, நாம் அதை மாற்றிப் போட வேண்டியதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. நாம் 'வேண்டிய' என்று சொல்கிறோமே, அந்த இடத்தில் கிரேக்க மூலத்தில் 'எபியூசியோஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது. மத்தேயுவிலும் லூக்காவிலும் இந்த ஜெபத்தில் தவிர வேறெங்கும் உறுதியாகப் பார்க்க முடியாத சொல் அது. சுவிசேஷகர்களே அதை உண்டாக்கியிருப்பார்கள் போலிருக்கிறது என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிகன் என்ற வேத அறிஞர் எழுதிவிட்டார். இன்றைக்கு வேண்டிய என்றும், நாளைக்கு வேண்டிய என்றும், உயிர் வாழ வேண்டிய என்றும் பொருள் சொல்கிறார்கள். லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் லூக்காவில் 'அன்றாட' என்று எளிமையாகப் போட்டுவிட்டு, அதே சொல்லுக்கு மத்தேயுவில் 'பொருளுக்கெல்லாம் மேலான' என்கிற மாதிரி ஒரு கனமான சொல்லைப் போட்டார். சாதாரண அப்பத்தைக் கேட்பது கொஞ்சம் மட்டமாகப் படுவது ரொம்பப் பழைய கூச்சம் என்று நினைக்கிறேன், உங்கள் கூட்டத்து மூத்த சகோதரிக்குத் துணையாகப் பெரிய பெரிய ஆட்களெல்லாம் உண்டு.

அவர் சொன்னது முழுக்கத் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். இச்சைகளுக்குச் செலவழிக்கக் கேட்கிற ஜெபத்தைப் பற்றி யாக்கோபு கடுமையாகவே எழுதியிருக்கிறார். ஆனால் படுக்கையில் இருக்கும் ஒருவருக்கும், அவரைப் பார்த்துக்கொண்டு வேலைக்கும் போகிற ஒருத்திக்கும் தூக்கம் கேட்பது எந்த இச்சையில் சேரும்? நீதிமொழிகளில் ஆகூர் என்று ஒருவர் ஜெபிக்கிறார்: "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக." அப்புறம், என் படியை எனக்கு அளந்து தாரும் என்கிறார். நிறைந்துபோனால் கடவுள் யார் என்று கேட்டுவிடுவேன், இல்லாமல் போனால் திருடிவிடுவேன் என்று காரணமும் சொல்கிறார். தன்னைத் தானே இவ்வளவு சரியாக எடைபோட்ட மனிதனை வேதத்தில் அதிகம் பார்க்க முடியாது. அவருடைய ஆவிக்குரிய வளர்ச்சியெல்லாம் அந்தப் படி ஆகாரத்துக்குள்ளேயேதான் இருக்கிறது.

தவணைக் கணக்கு விஷயத்துக்கு அந்த வரியிலேயே ஒரு வழி இருக்கிறது. மத்தேயுவில் 'இன்று' தாரும் என்றும் லூக்காவில் 'அன்றன்று' தாரும் என்றும் வருகிறது. வனாந்தரத்தில் மன்னாவும் அப்படித்தான், அன்றன்றைக்குப் பொறுக்கிக்கொள்ள வேண்டும், மறுநாளைக்கு என்று பதுக்கியவர்களின் பாத்திரத்தில் புழு நெளிந்தது. (ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டிப்பு.) நீங்கள் ராத்திரி பத்து மணிக்கு, கண் சொருகுகிற நேரத்தில், எட்டு மாதத்து வேலையில்லாத் திண்டாட்டத்தையும் அடுத்த மூன்று வருஷத் தவணையையும் சேர்த்துத் தூக்கப் பார்க்கிறீர்கள், அந்த எடை யாருக்கும் தாங்காது. நாளைக்கு என்ன ஆக வேண்டும் என்று ஒன்றை மட்டும் பேரைச் சொல்லிக் கேளுங்கள். நாளைக்கு வங்கிக்குப் போய்த் தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்க வேண்டியிருந்தால், "ஆண்டவரே, நாளைக்கு அந்த மேஜைக்கு முன்னால் எனக்குக் குரல் நடுங்கக் கூடாது" என்று கேளுங்கள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. நெகேமியா பாரசீக ராஜாவுக்கு முன்னால் நின்றபோது, உனக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்ட கேள்விக்கும் அவன் சொன்ன பதிலுக்கும் நடுவே ஒரு ஜெபம் பண்ணினான். ராஜா காத்திருக்கும்போது எவ்வளவு நீளமாகப் பண்ணியிருக்க முடியும்?

"அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, அப்புறம் ஏன் சொல்லணும்?" என்று உங்களுக்குத் தோன்றலாம். நீங்கள் கேட்பதற்கு முன்னமே உங்கள் பிதா அறிந்திருக்கிறார் என்று சொன்ன அதே இடத்தில்தான் இயேசு பரமண்டல ஜெபத்தையும் கற்றுக்கொடுத்தார், அதனால் இந்தக் கேள்விக்கு வயது ரொம்ப அதிகம். 410-இல் ரோம் சூறையாடப்பட்டபோது அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குத் தப்பிப் போனவர்களில் புரோபா என்ற விதவைப் பெண்மணி ஒருவர். எப்படி ஜெபிப்பது என்று அவர் ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகுஸ்தீனுக்கு எழுதிக் கேட்க, 412 வாக்கில் அகுஸ்தீன் ஒரு நீண்ட பதில் எழுதினார். (வாசகர் கேள்வி, ஆலோசகர் பதில் எல்லாம் நாங்கள் ஆரம்பித்து வைத்ததில்லை.) கடவுளுக்குத் தகவல் சொல்வதற்காக நாம் கேட்பதில்லை, கேட்கக் கேட்க நம் ஆசை விரிகிறது, அவர் தரப்போவதை வாங்கிக்கொள்ளும் கொள்ளளவு நமக்கு அப்படித்தான் வருகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். என் அனுபவத்தில் இன்னொன்றும் நடக்கிறது. ஒரு தேவையை வாய்விட்டுச் சொன்னால் அதற்கு ஒரு உருவம் வந்துவிடுகிறது. 'எல்லாமே போச்சு' என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 'அத்தை ராத்திரி தூங்க மாட்டேன் என்கிறார்' என்பதை வைத்துக்கொண்டு நிறையச் செய்யலாம், கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வருகிறேன்.

அதே கடிதத்தில் எகிப்திலிருந்த துறவிகளைப் பற்றியும் அகுஸ்தீன் ஒரு வரி எழுதுகிறார். அவர்கள் அடிக்கடி ஜெபிப்பார்களாம், ஆனால் ரொம்பச் சுருக்கமாக, சட்டென்று எறிகிற அம்பு மாதிரி. நீண்டு போனால் கவனம் மழுங்கிவிடுமே என்று. உங்களுக்கு இப்போது ஏற்றது இதுதான். ராத்திரி முழங்கால் போட்டு அரைமணி நேரம் என்கிற அந்தக் கணக்கை இந்த வருஷத்துக்கு விட்டுவிடுங்கள். அத்தைக்குத் துணி மாற்றும்போது ஒன்று, பேருந்துக்கு நிற்கும்போது ஒன்று என்று எறியுங்கள். 'கர்த்தாவே, இரங்கும்' போதும்.

முழங்காலில் தூங்கிப்போவதைப் பற்றி வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். கத்தோலிக்கர் 'சிறுமலர்' என்று கொண்டாடும் தெரேசம்மாள் (1873–1897) மடத்தில் ஜெப நேரத்திலேயே தூங்கிவிடுகிறவர். அதற்காக நான் கலங்க வேண்டும், ஆனால் கலங்கவில்லை என்கிறார். பிள்ளைகள் முழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றவர்களுக்கு ஒரே பிரியம்தான், ஆபரேஷன் செய்ய டாக்டர்கூட நோயாளியைத் தூங்க வைக்கத்தானே செய்கிறார் என்று அவருக்கே உரிய நியாயம். நான் கத்தோலிக்கன் இல்லை, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அந்த அம்மா பக்கம்தான்.

இனி அந்த இரண்டாவது நபர். விசுவாசத்தோடு கேட்டிருந்தால் வேலை கிடைத்திருக்கும் என்றாரே, அவர் அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது. கெத்செமனேயில் இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று இயேசு மூன்று தடவை ஜெபித்தார், மூன்றாவது தடவையும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னார் என்று மத்தேயு குறித்து வைத்திருக்கிறார். பாத்திரம் நீங்கவில்லை. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தடவை வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. இவர்களுக்கு விசுவாசம் குறைச்சல் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? 88-ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள், மற்ற புலம்பல்களில் வருகிற மாதிரி 'ஆனாலும் உம்மைத் துதிப்பேன்' என்று கடைசியில் ஒரு திருப்பம்கூட அதில் கிடையாது. சிநேகிதரையும் தோழரையும் தூரமாக்கிவிட்டீர் என்ற புகாரோடு அப்படியே நின்றுவிடும். அதையும் ஜெபப் புத்தகத்தில் வைத்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகப் பாடி வருகிறார்கள்.

மருத்துவமனைக்காரன் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2006-இல் முடிவு வெளியானது. முகம் தெரியாதவர்கள் அவர்களுக்காக ஜெபித்ததால் உடல் தேறுவதில் வித்தியாசம் எதுவும் காணவில்லை. உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள் என்று முன்னமே சொல்லப்பட்டவர்களுக்குச் சிக்கல்கள் கொஞ்சம் அதிகமாகவே இருந்தன, 59 சதவீதம் பேருக்கு. சொல்லப்படாமல் ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம். அது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் 'இவ்வளவு பேர் ஜெபிக்கிறார்கள், இன்னும் தேறவில்லையே, என்னிடம் என்ன குறை' என்று ஒரு நோயாளி படுக்கையில் கிடந்து தன்னையே குடைந்துகொள்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஜெபத்தை நாணயம் போட்டால் பொருள் விழுகிற எந்திரமாக நினைத்தால், பொருள் விழாதபோது நாணயம் போட்டவர்தான் உதை வாங்குவார். எட்டு மாதமாக நீங்கள் வாங்குகிறீர்கள்.

அப்படியானால் கேட்டு என்ன பயன்? அன்னாளைப் பாருங்கள். பிள்ளை இல்லை, வீட்டில் குத்தல் பேச்சு, சாப்பாடு இறங்கவில்லை. ஆலயத்தில் சத்தம் வராமல் உதடு மட்டும் அசைய அழுதுகொண்டு ஜெபித்ததைப் பார்த்த ஆசாரியன் ஏலி, குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டான். (ஜெபிக்கிறவரைப் பார்த்து ஆலயத்திலேயே தப்புக் கணக்குப் போடுகிற வழக்கம் அன்றைக்கே உண்டு.) நான் குடிக்கவில்லை, மனக்கிலேசமுள்ளவள், என் இருதயத்தை ஊற்றிவிட்டேன் என்கிறாள். அவனும் சமாதானத்தோடே போ என்கிறான். பிள்ளை இன்னும் உண்டாகவில்லை, வீட்டு நிலைமை மாறவில்லை. ஆனால் அடுத்த வசனம் சொல்கிறது, அவள் போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை. கதையின் அடுத்த பகுதியில் சாமுவேல் பிறக்கிறான், எல்லாரும் அதைத்தான் பிரசங்கிக்கிறார்கள். நான் அந்தச் சாப்பாட்டிலேயே நின்றுவிடுகிறேன். ஊற்றிவிட்டு வந்தவளுக்குப் பசித்தது.

எலியா தீர்க்கதரிசிக்கு நடந்தது இதைவிடவும் உங்களுக்குப் பொருந்தும். வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழே விழுந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவையே கேட்டான். அதற்குக் கடவுள் உபதேசம் பண்ணவில்லை, விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. முதலில் தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுத் திரும்பவும் தூங்கினான். இன்னொரு தடவை எழுப்பிச் சாப்பிட வைத்தான். பேச்செல்லாம் அதற்கப்புறம்தான். ஆகவே தூக்கம் கேட்பது உலகத் தேவை என்று யாராவது இனி சொன்னால், இராஜாக்கள் முதலாம் புத்தகம் 19-ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள்.

இப்போது செய்ய வேண்டியவை. நெகேமியாவை மறுபடி இழுக்கிறேன், எருசலேம் அலங்கத்தைக் கட்டும்போது எதிரிகள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், ஜெபம் பண்ணினோம், இரவும் பகலும் காவலும் வைத்தோம் என்று ஒரே வாக்கியத்தில் எழுதினவன் அவன். உங்கள் அத்தையின் மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு, எது எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதி, மருத்துவரிடம் காட்டுங்கள். நீர் பிரியும் மாத்திரையைச் சாயங்காலத்தில் கொடுத்தால் ராத்திரியெல்லாம் கூப்பிடத்தான் செய்வார், அதைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம். வேறு சில மாத்திரைகளும் பிந்திக் கொடுத்தால் தூக்கத்தைக் கெடுக்கும். வலி இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று அத்தையிடம் கேட்டுப் பாருங்கள், வயதானவர்கள் பல பேர் தாங்களாகச் சொல்வதில்லை. பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் படும்படி உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தால், பகல் தூக்கம் குறைந்து ராத்திரிக்குக் கொஞ்சம் மிஞ்சும். ஆளைத் தெரியாமல் திடீரென்று பேச்சுத் தடுமாறினால் மட்டும் காத்திருக்காதீர்கள், சிறுநீர்த் தொற்று மாதிரி ஏதாவது இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். ஜெபித்துவிட்டு மருத்துவரிடம் போவது அவிசுவாசம் என்று யாராவது கிளம்பினால், தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளத்தான் எழுதினார் என்று சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி, நேராகவே கேட்கிறேன். ராத்திரி அத்தை கூப்பிட்டால் ஏன் நீங்களே எழுந்திருக்கிறீர்கள்? அவர் உங்கள் கணவரின் அம்மா. காலையில் வேலைக்குப் போக வேண்டியவர் நீங்கள், உங்கள் கணவர் இல்லை. கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாததைப் பார்த்தால், அவரிடம் நீங்கள் இதைக் கேட்டதே இல்லை என்று தோன்றுகிறது. எட்டு மாதமாக அவரும் நொந்திருப்பார், அவர் மனதைப் புண்படுத்தக் கூடாது என்று நீங்களே சுமந்துகொண்டிருக்கலாம். அந்த எரிச்சலில் பாதிக்கு மேல் இந்தச் சொல்லாத கேள்வியிலிருந்துதான் வருகிறது என்று நான் பந்தயம் கட்டுவேன். (போதகர் பந்தயம் கட்டலாமா என்று தனியாக எழுதிக் கேட்காதீர்கள்.)

எரிச்சலை ஜெபத்தில் சொல்ல வெட்கம் என்கிறீர்கள். சங்கீதக்காரர்கள் சொல்லியிருப்பதோடு வைத்துப் பார்த்தால் உங்களுடையது ஒன்றுமேயில்லை. அப்படியே சொல்லுங்கள், 'ஆண்டவரே, அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை' என்று. ஆகாரத்துக்கு அடுத்த வரி என்ன? "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." கடன் என்றே இருக்கிறது பாருங்கள், தவணை கட்டுகிற உங்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தன் மடத்துக்கு எழுதின ஒழுங்கில், காலை ஜெபமும் மாலை ஜெபமும் முடியும்போது மடத்துத் தலைவர் பரமண்டல ஜெபத்தை எல்லாருக்கும் கேட்கும்படி முழுக்கச் சொல்ல வேண்டும் என்று வைத்தார். காரணம், ஒன்றாக வாழ்கிறவர்களுக்குள் மனஸ்தாப முட்கள் முளைத்துக்கொண்டேதான் இருக்கும் என்பது. துறவிகளுக்கே ஒரு நாளைக்கு இரண்டு தடவை தேவைப்பட்டிருக்கிறது, ஒரு நோயாளியும் கடனும் இருக்கிற வீட்டில் எத்தனை தடவை தேவைப்படும்? மன்னிப்பது என்றால் கேட்காமல் விட்டுவிடுவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மன்னித்தும் விடுங்கள், ராத்திரி முறையையும் பிரித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஜெபத்தில் 'எனக்கு' என்று ஒரு இடத்திலும் வராது, எல்லாம் 'எங்களுக்கு'தான். நீங்கள் ஆறு மாதமாகத் தனியாக முழங்காலில் நின்று 'எங்களுக்கு' என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு ராத்திரி கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, அத்தையின் கட்டிலருகிலேயே, மூன்று பேரும் ஆளுக்கு ஒரே ஒரு வாக்கியம், தனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். அழகாகச் சொல்ல வேண்டியதில்லை. அத்தை என்ன கேட்கிறார் என்று கவனித்துக் கேளுங்கள். ராத்திரி கூப்பிடுவதற்கான காரணம் அதிலேயே வந்துவிடவும் வாய்ப்புண்டு. இருட்டில் தனியாக இருக்கப் பயம் என்று வாய்விட்டுச் சொல்ல ஒரு ஜெபம் தேவைப்பட்ட பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன், விடிவிளக்கு ஒன்று போட்டதும் தூங்கினார்கள்.

கடைசியாக, உங்களைப் பற்றி. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல், பசி கெட்டு, செத்துப்போனால் தேவலை என்கிற நினைப்பு வந்து போகிறது என்றால், அத்தைக்கு மருத்துவர் தேவைப்படுவதுபோல உங்களுக்கும் தேவை. அந்த நினைப்பு இருந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் இன்றைக்கே கணவரிடமும் ஒரு மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். எலியாவைத் தட்டி எழுப்பவும் ஒரு ஆள் வர வேண்டியிருந்தது.

மாத்திரைத் தாளைக் காட்டிவிட்டு மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். ராத்திரி முறை யாருக்கு எந்தெந்த நாள் என்று பிரித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். அதுவரைக்கும், அத்தை தூங்கட்டும், நீங்களும் தூங்கணும் என்று நானும் கேட்கிறேன், உங்கள் வார்த்தையிலேயே.